அம்மாவுடன் பாங்சாய் போகலாமா?

பாங்காக்கில் ஒரே நாள்தான் ஓய்வு, அம்மா ஓலைக்கூடை பின்னுபவர், முழங்கால் வலி வேறு, அயுத்தயா கோயில் இடிபாடுகளா பாங்சாய் கைவினை மையமா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்காமல் பாங்சாய் போங்கள். இடிபாடுகளில் வெயிலில் நடந்தே அம்மா களைத்துப்போவார்.

பாங்சாயும் அயுத்தயா மாகாணம்தான், சாவ் பிரயா ஆற்றங்கரை. தாய்லாந்து அரசி சிரிகிட் 1976-இல் தொடங்கிய அறக்கட்டளையின் கீழ், விவசாயக் குடும்பத்தினருக்கு உபரி வருமானத்துக்காகத் தொழில் கற்றுத்தரும் இடம். தறி, மரச்செதுக்கு எல்லாம் உண்டு. ஆனால் நீங்கள் நேராக 'யான் லிபாவ்' பின்னும் பகுதியைக் கேட்டுப் போங்கள். அது ஒரு பெரணிக்கொடி. தண்டின் தோலை உரித்து, தகரத்தில் போட்ட சின்னத் துளை வழியாக இழுப்பார்கள்; அப்புறம் அதைவிடச் சின்ன துளை. நார் முழுக்க ஒரே பருமனாக வந்த பிறகுதான் பின்னலே ஆரம்பம். கைப்பை விலையைக் கேட்டு நீங்கள் அதிர்ந்தாலும் அம்மா அதிர மாட்டார், அந்த வேலை அவருக்குப் புரியும்!

ரயில் பாங் பா-இன் நிலையம் வரைதான் உதவும், அங்கிருந்து இன்னும் தூரம் இருக்கிறது. முழங்கால் வலியோடு அந்த அலைச்சல் வேண்டாம். போக வர சேர்த்து டாக்ஸி பேசி, காத்திருக்கச் சொல்லிவிடுங்கள். மையத்துக்கு விடுமுறை நாளா என்று முந்தின நாளே ஓட்டலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காலையிலேயே கிளம்புங்கள், கைவேலை செய்பவர்களை நிதானமாகப் பார்க்கலாம்.