வாசகர் கேள்வி – பதில்: ரெஃபரன்ஸ் பட்டியல் தரும் தலைவலிகள்

கேள்வி: கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் ஏபிஏ முறையில், 86 ரெஃபரன்ஸ்களோடு (மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் விவரங்கள்) எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்து அனுப்பப்போகும் இதழ், எண்களால் குறிக்கும் வான்கூவர் முறை கேட்கிறது. பட்டியல் முழுவதையும் கையாலேயே தட்டச்சு செய்திருக்கிறேன். அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரையும் ஆண்டையும் எடுத்துவிட்டு எண் போட்டால் போதும்தானே? (ஓர் ஆய்வு மாணவி)

பதில்: தயவுசெய்து கையால் எண் போட ஆரம்பிக்காதீர்கள். வான்கூவரில் கட்டுரைக்குள் முதலில் வருவது 1, அடுத்தது 2 என்று வந்த வரிசையில்தான் எண், அதே கட்டுரை மறுபடி வந்தால் பழைய எண்ணே. கஷ்டப்பட்டு 86 வரை போட்டு முடிப்பீர்கள், அப்புறம் மதிப்பீட்டாளர் ஒருவர் முன்னுரையில் ஒரு கட்டுரையைச் சேர்க்கச் சொல்வார், அது 5 ஆகும், பழைய 5 தொடங்கி கடைசி வரை எல்லாமே ஒவ்வொன்று தள்ளிப்போகும். அட்டவணையில் மட்டும் வரும் ரெஃபரன்ஸ்களுக்கும், அந்த அட்டவணையைக் கட்டுரை எந்த இடத்தில் முதலில் குறிப்பிடுகிறதோ அந்த இடத்துக்குரிய எண்தான் என்பதால், அங்கேதான் பலர் கணக்கைத் தவறவிடுகிறார்கள்.

ரெஃபரன்ஸ்களைச் சேமித்து ஒழுங்குபடுத்தும் மென்பொருளான ஸோட்டெரோவை நிறுவுங்கள், இலவசம். மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தி, ஒவ்வொரு கட்டுரையின் டிஓஐ எண்ணையும் (இணையத்தில் அந்தக் கட்டுரைக்கென்றே உள்ள அடையாள எண்) ஒட்டினால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் தானே நிரம்பும். பிறகு வேர்ட் கோப்பில் நீங்கள் தட்டிய ஒவ்வொன்றையும் நீக்கி, அதே இடத்தில் ஸோட்டெரோ வழியாக நுழைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்த இதழ் எந்த முறை கேட்டாலும் ஒரு சொடுக்கில் மாறும்.

ஒரு எச்சரிக்கை. தானாக நிரம்பிய பதிவை அப்படியே நம்பிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர் சில சமயம் ஒரு மனிதரின் பெயரைப் போலப் பதிவாகியிருக்கும். விளைவு, பட்டியலில் 'ஆர்கனைசேஷன், டபிள்யூ. எச்.' என்று ஒருவர் ஆசிரியராக வந்து நிற்பார். அதை வேர்ட் கோப்பில் திருத்தினால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது பழைய பிழையே திரும்பி வரும். ஸோட்டெரோ பதிவுக்குள் போய், ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய பொத்தானால் இரண்டு கட்டங்களை ஒரே கட்டமாக மாற்றி, முழுப் பெயரையும் அதில் எழுத வேண்டும். எண்ட்நோட் என்ற இன்னொரு மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் நிறுவனப் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி வைத்தால் போதும். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வந்திருப்பது, ஒரே கட்டுரை இரண்டு முறை பதிவாகியிருப்பது, இவற்றையும் பதிவிலேயே சரிசெய்யுங்கள். பதிவு சுத்தமாக இருந்தால் பட்டியல் தானாகச் சுத்தமாகும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

எந்த மென்பொருளும் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது, வாக்கியம். ஏபிஏ-வில் 'ஸ்மித் (2015) காட்டியதுபோல' என்று எழுதியிருப்பீர்கள், எண் முறைக்கு மாற்றியதும் அது '(12) காட்டியதுபோல' என்று தலையில்லாமல் நிற்கும். எழுவாயாகப் பெயர் வரும் இடத்தில் பெயரை நீங்களே தட்டச்சு செய்து, ஆசிரியர் பெயரை விடும்படி ஸோட்டெரோவில் குறித்துவிட்டால், எந்த முறைக்கு மாறினாலும் வாக்கியம் நிலைக்கும். கட்டுரையை ஒரு தடவை முதலிலிருந்து வாய்விட்டுப் படியுங்கள், இப்படிப்பட்ட இடங்கள் காதில் விழும்.

இதழ்ப் பெயர்களும் சுருங்கும், 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்பது 'என் எங்க்ல் ஜே மெட்' ஆகும், அது இதழ்ப் பெயர்ச் சுருக்கங்களுக்கென உள்ள பட்டியலின்படி வருவது என்பதால் நீங்களாகச் சுருக்க வேண்டாம். அனுப்பும்போது கோப்பின் நகல் ஒன்றில் மட்டும் ஸோட்டெரோ இணைப்பைத் துண்டித்து அனுப்புங்கள், மூலக் கோப்பு அப்படியே இருக்கட்டும். இன்னொன்று, இதையெல்லாம் தொடங்கும் முன் அந்த இதழின் ஆசிரியர் வழிகாட்டியைப் பாருங்கள். எல்சேவியர் பதிப்பகத்தின் பல இதழ்கள் முதல் சமர்ப்பிப்பில், சீராக இருந்தால் எந்த முறையையும் ஏற்றுக்கொள்கின்றன.

கேள்வி: பல ஆசிரியர்கள் இருந்தால் ஒரு பெயரோடு 'எட் ஆல்' ('மற்றும் பிறர்') என்று முதல் தடவையே போடலாமா? நண்பர் கூடாது என்கிறார்.

பதில்: உங்கள் நண்பர் பழைய பதிப்பைச் சொல்கிறார். ஏபிஏ 6-ஆம் பதிப்பில் மூன்று முதல் ஐந்து ஆசிரியர்கள் இருந்தால் முதல் முறை எல்லாப் பெயரும் வர வேண்டும். 2019-இல் வந்த 7-ஆம் பதிப்பில் மூவரோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தடவையிலிருந்தே ஒரு பெயரும் 'எட் ஆல்' என்பதும்தான். இது கட்டுரைக்குள் மட்டும். கடைசிப் பட்டியலில் 20 பேர் வரை அத்தனை பெயரும் வர வேண்டும். வான்கூவர் இதழ்கள் பெரும்பாலும் ஆறு பெயரோடு நிறுத்திக்கொள்ளும். புள்ளி 'ஆல்' என்பதற்குப் பின்னால் மட்டும், சுருக்கப்பட்ட சொல் அதுதான்.

கேள்வி: மூலக் கட்டுரை கிடைக்கவில்லை. வேறொருவர் கட்டுரையில் மேற்கோளாகத்தான் படித்தேன். மூலத்தையே பட்டியலில் போடலாமா?

பதில்: கூடாது. இன்னார் சொன்னதாக இன்னார் எழுதியிருக்கிறார் என்று கட்டுரைக்குள் சொல்லிவிட்டு, நீங்கள் கையில் வைத்துப் படித்ததை மட்டும் பட்டியலில் சேருங்கள். நான் ஆரம்ப காலத்தில் ஒரு கட்டுரையை இன்னொருவர் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டேன். 1968 என்று இருக்க வேண்டியது அவரிடம் 1986 என்று இருந்தது, என்னிடமும் 1986 ஆனது. முன்பின் தெரியாத ஒருவர் அந்தக் கட்டுரையைத் தேடி அலுத்துப்போய் எனக்குக் கடிதம் எழுதினார். அவர் வீணாக்கிய நேரத்துக்கு நானும் ஒரு காரணம் என்பது இன்னும் மனதை உறுத்துகிறது.

இப்படிப் பிழைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2017-இல் வெளியே தெரிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பதிப்பகத்தின் வழிகாட்டியில் ரெஃபரன்ஸ் எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காகக் கற்பனையாகக் கொடுத்திருந்த ஒரு கட்டுரை, அதுவும் அறிவியல் கட்டுரை எழுதும் கலையைப் பற்றியதாக, ஏறத்தாழ 400 கட்டுரைகளில் மேற்கோளாக இடம்பெற்றிருந்தது. அப்படியொரு கட்டுரையே கிடையாது. மாதிரிக் கோப்பில் இருந்ததைப் பலர் நீக்காமலே அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுக் கருவி கொடுத்த பட்டியல் அச்சு அசலாக ஏபிஏ முறையில் இருக்கிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: வடிவம் சரியாக இருப்பதால் கட்டுரை உண்மை என்று ஆகிவிடாது. இல்லாத கட்டுரைக்கும் அந்தக் கருவிகள் காற்புள்ளி பிசகாமல் ரெஃபரன்ஸ் எழுதும். ஒவ்வொரு டிஓஐ-யையும் உலாவியில் திறந்து பாருங்கள். திறந்தால் மட்டும் போதாது, உண்மையான எண்ணாகவே இருந்து வேறு ஏதோ கட்டுரைக்குக் கொண்டுபோகலாம், அதனால் தலைப்பும் முதல் ஆசிரியர் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு கட்டுரையைத் திறந்து, நீங்கள் எந்த வரிக்காக அதைக் காட்டுகிறீர்களோ அந்த விஷயம் உள்ளே இருக்கிறதா என்று படியுங்கள். வெளியான பிறகு திரும்பப் பெறப்பட்ட (செல்லாது என்று அறிவிக்கப்பட்ட) கட்டுரை உங்கள் ஸோட்டெரோவில் இருந்தால் அதுவே சிவப்பில் எச்சரிக்கை காட்டும், அதைப் பார்த்தும் கடந்துபோகாதீர்கள்.