பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் 8,000 ரூபாய் மிச்சமா?

கேள்வி: என் வயது 26. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. சம்பளம் 28,000 ரூபாய். செலவு போக மாதம் 4,000 மிஞ்சும். அவசரத்துக்கென்று வங்கியில் 40,000 வைத்திருக்கிறேன். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டை 13,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார்கள். கடை வாரண்டி ஒரு மாதம். புதிய ஆர்எக்ஸ் 6600 என்றால் 21,000. மூன்று வருட வாரண்டி. வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறார் நண்பர். பழையதையே வாங்கலாமா? அவசரப் பணத்தில் எடுக்கலாமா, நோ காஸ்ட் இஎம்ஐ போடலாமா? இப்போது வேலொரன்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுகிறேன். ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ ஆட ஆசை. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி 450 வாட்.

பதில்: நண்பர் சொன்னது சரி. 1080 டிஐ அருமையான கார்டு. 2017-லேயே 11 ஜிபி மெமரியோடு வந்தது. ஆனால் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விவரங்கள்தான் கணக்கை மாற்றுகின்றன.

முதலாவது, டூம். அந்த விளையாட்டுக்கு, ஒளி படும் விதத்தை நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டும் ரே ட்ரேசிங் வசதி கார்டிலேயே இருக்க வேண்டும். 1080 டிஐயின் நிறுவனமான என்விடியா அதைக் கொண்டுவந்தது 2018-ல், ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில். 1080 டிஐயில் அது கிடையாது. குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் ஏஎம்டி நிறுவனத்தின் பக்கம் இருக்கும் பெயரே ஆர்எக்ஸ் 6600தான். எந்த விளையாட்டுக்காகப் பணம் போடுகிறீர்களோ, அதுவே ஓடாத கார்டு எவ்வளவு மலிவாக வந்தால் என்ன? போதாததற்கு, 1080 டிஐ அடங்கிய 10 வரிசைக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ். 1080 டிஐ 250 வாட் இழுக்கும். 600 வாட் சப்ளை வேண்டும் என்பது என்விடியாவின் பரிந்துரை. தரமானதாக வாங்கினால் நாலாயிரம் அளவில் ஆகும். 13,000 இப்போது 17,000 ஆகிவிட்டது. 6600-க்கு 132 வாட் போதும்; உங்கள் 450 வாட் தரமானதாக இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பழைய பொருளை நான் எப்போதும் விலையை வைத்து எடைபோடுவதில்லை; எத்தனை வருடம் உழைக்கும் என்று வகுத்துப் பார்ப்பேன். 17,000 போட்டு இரண்டு வருடம் ஓட்டினால் வருடத்துக்கு 8,500. 21,000 போட்டு நாலு வருடம் ஓட்டினால் 5,250. மிச்சம் என்று நீங்கள் நினைத்த 8,000 எங்கே போனது பாருங்கள்.

கரண்ட் பில்லைப் பற்றிப் பலர் பயமுறுத்துவார்கள். தினம் மூன்று மணி நேரம் ஆடினால், இரண்டு கார்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மாதத்துக்கு 21 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றாலும் 170 ரூபாய்தான். வீட்டு ரீடிங் 500 யூனிட்டை ஒட்டியே இருந்தால் மட்டும் கவனியுங்கள். தாண்டினால் கட்டண விகிதமே மாறும்.

அந்த 40,000 ரூபாயைத் தொடவே வேண்டாம். உங்கள் செலவுக்கு அது இரண்டு மாதம்கூடத் தாங்காது. நோ காஸ்ட் இஎம்ஐயில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். பிராசசிங் கட்டணமும் சேரலாம். மாதம் மிஞ்சும் 4,000-ஐத் தனியே ஒதுக்குங்கள். ஆறாவது மாதம் 21,000 கையில் இருக்கும். உழைத்துச் சம்பாதிக்கும் பிள்ளை ஆசைப்பட்டதை வாங்குவதில் தப்பே இல்லை, கடனில்லாமல் வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

வேலொரன்ட் மட்டும் போதும் என்று மனம் மாறினால், 1080 டிஐகூடத் தேவையில்லை. 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 தாராளம். அதிலும் 2304 கோர் (கணக்கிடும் சிறு அலகு) இருக்க வேண்டிய இடத்தில் 2048 கோர் உள்ள ரகமும் அதே பெயரில் விற்கிறது. கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 2022 செப்டம்பரில், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங் நின்றதும் இரவுபகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அதனால் கடையிலேயே கார்டை முழு வேகத்தில் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளியோ கோடோ தெரிந்தாலும், ஃபேன் கரகரத்தாலும் வாங்காதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால், கார்டின் சீரியல் நம்பரை பில்லில் எழுதி வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.