கேட் இருந்தால் மட்டும் போதாது

சகோதரி, கோலாலம்பூரில் வீடு வாங்க, டேசா பார்க்சிட்டியில் ஸ்ட்ராட்டா வீடா (பொது இடங்களைப் பகிர்ந்து ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பது), டாமன்சாரா ஹைட்ஸில் தனி கிராண்ட் வீடா (தனி நிலப்பட்டா உள்ளது) என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு இடத்திலும் கேட்டில் ஜாகா (காவலாளி) நிற்பார், ஆனால் சட்டம் வேறு.

ஸ்ட்ராட்டாவில் பராமரிப்புக் கட்டணம் 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி கட்டாயம். தாமதித்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடு வரை வட்டி போடலாம். தனி கிராண்ட் தெருவோ பொதுச்சாலை. வருகிறவரை ஜாகா திருப்பி அனுப்ப முடியாது, பணம் கட்டுவதும் அவரவர் விருப்பம். எங்கள் தெருவில் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். இப்போது ராத்திரியில் காலி நாற்காலிதான் காவல்.

பளிங்குத் தரையைப் பார்த்து மயங்காதீர்கள். நிர்வாகக் குழுவின் ஆண்டுக் கணக்கையும் சிங்கிங் ஃபண்ட் (பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) இருப்பையும் கேட்டுப் பாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை கேட்டருகே நின்று கவனியுங்கள். வயதான அம்மா பகலில் தனியாக இருப்பார் என்றீர்களே, நானாக இருந்தால் ஸ்ட்ராட்டாதான் வாங்குவேன்.