கொரோனா எங்கே தொற்றியது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம்

கேள்வி (2021): என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மாதச் சம்பளம் 15,000 ரூபாய். கடந்த மே 20-ம் தேதி கொரோனாவில் இறந்துவிட்டார். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. "வேலையில் அடிபட்டு இறந்தால்தான் ஈ.எஸ்.ஐ. பென்ஷன். கொரோனா கம்பெனியில்தான் வந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்?" என்று சிலர் சொல்கிறார்கள். தவிர, அவர் ஜனவரியில்தான் இந்த கம்பெனிக்கு மாறினார். எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், சகோதரி. அவர்கள் சொல்வது வேலையில் அடிபட்டு இறந்தவர்களுக்கான வழக்கமான விதி. 2020 மார்ச் 24 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகம்) கொண்டுவந்த கோவிட் நிவாரணத் திட்டத்தில், தொற்று எங்கே வந்தது என்ற கேள்வியே கிடையாது. வீட்டில் வந்திருந்தாலும், பஸ்ஸில் வந்திருந்தாலும் ஒன்றுதான்.

பார்ப்பது சில விஷயங்களை மட்டும். பாசிட்டிவ் என்று தெரிந்த நாளில் அவர் வேலையில் இருந்திருக்க வேண்டும். அந்த நாளுக்குக் குறைந்தது 3 மாதம் முன்பே ஈ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய ஓராண்டில் 70 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும், அல்லது கட்டவேண்டியதாக இருந்திருக்க வேண்டும். இந்த "கட்டவேண்டிய" என்ற சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் பிடித்துவிட்டு கம்பெனி கட்டாமல் விட்டிருந்தால், அதற்காக உங்கள் உரிமை போய்விடாது. சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எது கையில் இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். கம்பெனி மாறியதும் பெரிய தடை இல்லை. பழைய கம்பெனியில் கொடுத்த ஈ.எஸ்.ஐ. எண்ணையும் விண்ணப்பத்தோடு காட்டுங்கள்.

எவ்வளவு வரும்? சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம். நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 450. 30 நாளுக்கு 13,500 ரூபாய். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்குத் தலா ஐந்தில் இரண்டு என்பது விதி. மூன்று பேரையும் கூட்டினால் முழுத்தொகையைத் தாண்டுவதால் விகிதப்படி குறைப்பார்கள். உங்களுக்கு ஏறத்தாழ 5,786, பிள்ளைகளுக்குத் தலா 3,857 ரூபாய் வரும். உங்கள் பங்கு ஆயுள் முழுக்க, மறுமணம் செய்தால் மட்டும் நிற்கும். மகனுக்கு 25 வயது வரை, மகளுக்குத் திருமணம் ஆகும் வரை. ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் தொடரும்.

பாசிட்டிவ் ரிப்போர்ட், இறப்புச் சான்றிதழ், ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இவற்றோடு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போங்கள். கம்பெனி அனுப்பி வைக்கும் என்று காத்திருக்க வேண்டாம். ஈமச்சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் தனியாக உண்டு. அதை இறந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கேட்க வேண்டும், ஆகஸ்ட்டில் கெடு முடிகிறது. அதனால் இந்த வாரமே போய்விடுங்கள்.

அப்புறம் பி.எஃப். அவருக்கு பி.எஃப். பிடித்திருந்தால் சேமிப்பும் விதவை பென்ஷனும் தவிர இன்ஷூரன்ஸ் தொகையும் உண்டு. பலர் கேட்காமலே விட்டுவிடுவது இதைத்தான். இடையில் கம்பெனி மாறியிருந்தாலும் தொடர்ந்து 12 மாதம் வேலையில் இருந்திருந்தால் குறைந்தது 2.5 லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். கொரோனாவில் பெற்றோரில் ஒருவரை இழந்த ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்குத் தமிழக அரசு அறிவித்த 3 லட்சத்துக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள்.

இவை எதற்கும் புரோக்கர் வேண்டாம். "வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்று யார் வந்தாலும் அனுப்பிவிடுங்கள். கம்பெனி கொஞ்சம் பணம் கொடுத்து "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்கப் பார்த்தால், கையெழுத்துப் போடாமல் முதலில் எனக்கு எழுதுங்கள்.