களவு மெயில் வந்தால் எங்கே சொல்வது? கல்லடி கணினிக் கடையிலிருந்து பதில்கள்

கல்முனை ஆசிரியை: 'உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்று வங்கியின் பெயரில் மெயில் வந்தது. ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பினால் போதுமா?

போதாது டீச்சர். ஸ்கிரீன்ஷொட்டில் கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் இருக்கும். அந்த மெயில் எந்தெந்த சேர்வர் வழியாக வந்தது, அனுப்பியவரின் முகவரி உண்மையா என்பதெல்லாம் அதன் தலைப்பகுதியில் ஒளிந்திருக்கிறது. சாதாரணமாக ஃபோர்வர்ட் செய்தாலும் அது கழன்றுவிடும். கணினியில் ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, மெயிலையே இணைப்பாக அனுப்பும் தெரிவை எடுங்கள். வங்கிக்கும், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் தேசிய நிலையமான இலங்கை சேர்ட்டுக்கும் அனுப்புங்கள். வங்கியின் முகவரியை அந்த மெயிலிலிருந்து எடுக்க வேண்டாம். அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணுக்குப் பேசிக் கேளுங்கள். அப்புறம் மெயிலுக்குள் பதில் எழுதும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியில் ஃபிஷிங், அதாவது ஏமாற்றித் தகவல் பறிக்கும் மெயில், என்று கூகுளுக்கும் அறிவித்துவிட்டு அழியுங்கள். அறிவிக்கும் முன் அழிக்காதீர்கள்.

அக்கரைப்பற்று மாணவன்: இணையத்தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருந்தால் நல்ல தளம்தானே?

இல்லை தம்பி. போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். போய்ச் சேர்வது கள்ளனிடமா என்று பூட்டு சொல்லாது.

ஏறாவூர் வியாபாரி: நான் லிங்கோடு அப்படியே வியாபாரிகள் வட்சப் குழுவில் போட்டு எச்சரித்தேன். முறைப்பாடு எழுதிக்கொண்டிருந்தால் அதற்குள் நாலு பேர் ஏமாந்துவிடுவார்கள்.

நானா, எண்ணம் நல்லதுதான். ஆனால் தெரிந்தவர் அனுப்பிய லிங்க் என்றால் எச்சரிக்கையை வாசிக்காமலே தட்டுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். லிங்க் தெரியாமல் வெட்டிய படத்தைப் போடுங்கள்.

அதே வியாபாரி: படம் போட்டால் சரி, பிறகு முறைப்பாடு எதற்கு? யார் பார்க்கப் போகிறார்கள்?

உங்கள் எச்சரிக்கை உங்கள் குழுவோடு நிற்கும். அந்தத் தளம் கூகுளின் அபாயப் பட்டியலில் ஏறினால் குரோமிலும் ஃபயர்பொக்ஸிலும் திறப்பவருக்குச் சிவப்புத் திரை வரும், அவர் வாழைச்சேனையில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும். தளத்துக்குத் தன் சேர்வரில் இடம் கொடுத்திருக்கும் நிறுவனமும் பெரும்பாலும் யாராவது சொன்னால்தான் அதை இறக்கும். வேகத்தில் குழு முந்தும், ஒத்துக்கொள்கிறேன். இரண்டையும் செய்யுங்கள், லிங்கை மட்டும் பரப்பாதீர்கள்.

களுவாஞ்சிக்குடி: நல்லா ஏசிப் பதில் எழுதலாமா?

வேண்டாம். உங்கள் முகவரியில் ஆள் இருக்கிறது என்று நீங்களே காட்டிக்கொடுப்பீர்கள். அடியில் உள்ள 'விலகிக்கொள்ள' என்ற லிங்கும் அப்படித்தான்.

காத்தான்குடி: லிங்கைத் தட்டி கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டேன்.

அறிவிப்பது பிறகு. வேறு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். அட்டை விபரமோ ஓடிபியோ கொடுத்திருந்தால் இப்போதே வங்கிக்குப் பேசி அட்டையை நிறுத்துங்கள். பிறகு 101க்கு எடுங்கள், அது சேர்ட்டின் இலக்கம். பணம் போயிருந்தால் பொலிசிலும் முறைப்பாடு போடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது.

செங்கலடி: ஸ்கிரீன்ஷொட் அனுப்பினால் போதும்தானே?

முதல் பதிலைப் பாருங்கள்.

ஓட்டமாவடி: மெயிலோடு வந்த ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு அறிவிக்கலாமா?

திறக்காதீர்கள். திறக்காமலே அறிவிக்கலாம்.

பொத்துவில்: ஸ்கிரீன்ஷொட்டை எந்த நம்பருக்கு அனுப்புவது?

முதல் பதில், முதல் வரி.

கொக்கட்டிச்சோலை: என் லேப்டொப் ரொம்ப மெதுவாக இருக்கிறது.

அதைக் கடைக்குக் கொண்டுவாருங்கள் அண்ணன், சார்ஜரையும் மறக்காமல்.