கணுக்காலில் கரண்ட் வைத்தால் சிறுநீர் அவசரம் அடங்குமா?

கேள்வி: வயது 38. ஆறு வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற, மூளையையும் தண்டுவடத்தையும் பாதிக்கும் நரம்பு நோய். பெரம்பூரில் ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் வண்டி மாறி கிண்டி போய்ச் சேர்வதற்குள் சிறுநீர் முட்டுகிறது; சில நாள் கசிந்தும் விடுகிறது. மாத்திரை போட்டால் வாய் வறள்கிறது, மலச்சிக்கல் வேறு. காலில் கரண்ட் வைக்கும் சிகிச்சை எனக்குச் சரிப்படுமா?

பதில்: சரிப்பட வாய்ப்பு உண்டு. ஆனால் முதலில், சிறுநீர் கழித்த கையோடு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேன் செய்து பாருங்கள். எம்.எஸ். உள்ளவர்களுக்கு அவசரமும் இருக்கும், பை முழுதாகக் காலியாகாமலும் இருக்கும். 100 மி.லி.க்கு மேல் தங்கினால் அதைத்தான் முதலில் கவனிப்பார்கள். சிறுநீர்த் தொற்று உண்டா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, கணுக்காலுக்கும் சிறுநீர்ப் பைக்கும் என்ன சம்பந்தம்? கணுக்காலின் உட்புறம் ஓடும் டிபியல் நரம்பும் பையை ஆளும் நரம்புகளும் அடிமுதுகில் ஒரே வேர்களிலிருந்து கிளம்புகின்றன. கீழே தூண்டினால், மேலே பைக்குப் போகும் தப்பான அவசரக் கட்டளை மட்டுப்படுகிறது. கணுக்கால் எலும்புக்கு மூன்று விரல் மேலே மெல்லிய ஊசி வழியாக லேசான கரண்ட், வாரம் ஒருமுறை 30 நிமிடம், மொத்தம் 12 வாரம். கால் கட்டைவிரல் மடங்கினால் இடம் சரி. வலி பெரிதாக இருக்காது. பலன் தெரிய பல வாரம் ஆகும். நான்காவது வாரத்திலேயே கைவிடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்கு வருத்தம். பலன் கிடைத்தால் அப்புறம் மாதம் ஒருமுறை போல வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

வாராவாரம் அலைய முடியாதென்றால், மூட்டுவலிக்கு பிசியோதெரபியில் வைக்கிறார்களே, அந்த டென்ஸ் மெஷினின் ஒட்டும் பட்டையைக் கணுக்காலில் ஒட்டி வீட்டிலேயே செய்யலாம். கரண்டின் அளவை பிசியோதெரபிஸ்ட்தான் அமைத்துத் தர வேண்டும். உங்கள் காலில் மரத்துப்போன இடம் இருந்தால் உணர்ச்சியை நம்பிக் கூட்டாதீர்கள். பேஸ்மேக்கர் இருந்தாலும் கர்ப்பமாக இருந்தாலும் வேண்டாம்.

பையின் நரம்பைத் தூண்ட இடுப்பில் பொருத்தும் கருவி அதற்கு அப்புறம்தான். அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுப்பவர் நீங்கள், அந்தக் கருவியோடு எடுக்க முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்னொன்று: ரயிலுக்குப் பயந்து சென்னை வெயிலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீர் கெட்டியானால் அவசரம் கூடத்தான் செய்யும். குறைப்பதென்றால் காலைக் காபியைக் குறையுங்கள்.