வீட்டு நெட்வொர்க்கில் என்மேப்: எல்லையோரக் கேள்விகளுக்குப் பதில்

வலையில் எந்தெந்தச் சாதனங்கள் இருக்கின்றன என்று தேடிப் பார்க்கும் (ஸ்கேன் செய்யும்) மென்பொருள்தான் என்மேப். கேள்வி கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.

களியக்காவிளை: அண்ணாச்சி, 192.168.1.0/24 கொடுத்தா '0 ஹோஸ்ட்ஸ் அப்'னு வருது. வீட்டுல நாலு போனும் டிவியும் ஓடிட்டுதான் கெடக்கு.

பதில்: வலை சரியாக இருந்தால் உங்கள் கம்ப்யூட்டரும் ரூட்டருமாவது தெரிந்திருக்கும். ஒரு சாதனமும் இல்லை என்று பூஜ்யம் வருவதே துப்பு. வீடியோவில் பார்த்த எண்ணை அப்படியே அடித்திருப்பீர்கள். கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் அடியுங்கள். முகவரி 192.168.0.105, மாஸ்க் 255.255.255.0 என்றால் ஸ்கேன் செய்ய வேண்டியது 192.168.0.0/24, அதாவது 192.168.0 என்று தொடங்கும் முகவரிகள் எல்லாம். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரியே தரவில்லை. ஸ்கேனை விட்டுவிட்டு இணைப்பைப் பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை: விர்ச்சுவல்பாக்ஸில் காளி லினக்ஸ். 10.0.2.2, 10.0.2.3 என்று ஏதோ வருகிறது, வீட்டுச் சாதனம் ஒன்றும் இல்லை.

பதில்: விர்ச்சுவல்பாக்ஸ் என்பது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள். அது தானாக வைக்கும் நேட் முறையில், உள்ளே ஓடும் காளிக்குத் தனி வலை. செட்டிங்ஸில் நெட்வொர்க் போய் 'பிரிட்ஜ்டு அடாப்டர்' வைத்து, கம்ப்யூட்டர் இப்போது பயன்படுத்தும் கார்டைத் தேர்ந்தெடுங்கள். சில வைஃபை கார்டுகளில் பிரிட்ஜ் மக்கர் பண்ணும்; அப்போது லேன் கேபிள்தான் வழி. எஸ்என் (-sn, சாதனங்களை மட்டும் தேடும்) ஸ்கேனை சுடோ (sudo, நிர்வாகி உரிமை) போட்டே ஓட்டுங்கள். சுடோ இருந்தால் ஏஆர்பி கேள்வி ('இந்த முகவரி யாருடையது?') போகும், போன்கள் பெரும்பாலும் மாட்டும். இல்லையென்றால் 80, 443 என்ற இரண்டு போர்ட்டை (சாதனத்தின் எண்ணிட்ட வாசல்களை) மட்டும் தட்டிப் பார்க்கும். ஃபயர்வால் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டால் ஆள் இல்லை என்றே காட்டும்.

நகரி: அண்ணா, கேபிள்காரர் வச்ச ஃபைபர் பாக்ஸ்ல கம்ப்யூட்டர் இருக்கு. அதுக்குப் பின்னாடி நாங்க வாங்கின வைஃபை ரூட்டர்ல பிரிண்டர். ஸ்கேன்ல பிரிண்டரே வரல.

பதில்: இரண்டு ரூட்டர், இரண்டு வலை. உள்வலை வெளியே தெரியாது. உங்கள் ரூட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோட் (தனி வலை உண்டாக்காமல் வைஃபை மட்டும் தரும் முறை) இருந்தால் அதை வையுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் வரிசை முக்கியம்: ஃபைபர் பாக்ஸ் 192.168.1.1 என்றால், முதலில் ரூட்டரின் லேன் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். அடுத்து அதே ரூட்டரில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை) அணையுங்கள். கடைசியாக வான் (WAN, இன்டர்நெட் வரும்) துளையில் இருக்கும் கேபிளைப் பிடுங்கி லேன் துளையில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால் இரண்டு பெட்டியும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். பாதி சாதனத்துக்கு நெட் போய்விடும்.

நகரி: பிரிண்டர் வந்துடுச்சு! தம்பி போன் மட்டும் இல்ல.

பதில்: கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வலையில்) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போன் தூங்குகிறது. திரையை எழுப்பிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

குமுளி: சார், 'அன்னோன்' என்று ஒரு சாதனம். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வைஃபையில் இருக்கிறாரா?

பதில்: உடனே சண்டைக்குப் போகாதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குப் போலி மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) காட்டும். மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்று என்றால் பெரும்பாலும் அதுதான். வீட்டுப் போன்களின் வைஃபையை ஒவ்வொன்றாக அணைத்து ஸ்கேன் செய்யுங்கள். எல்லாம் அணைந்த பிறகும் அது ஸ்கேனில் தெரிந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

குப்பம்: யூடிபி ஸ்கேன், எல்லா போர்ட்டும் கொடுத்தேன். முடியவே மாட்டேங்குது.

பதில்: முடியாது. யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமல் தகவல் அனுப்பும் முறை) ஸ்கேனில் 'போர்ட் மூடியிருக்கிறது' என்ற பதிலை லினக்ஸ் சாதனம் வினாடிக்கு ஒன்றாகத்தான் அனுப்பும். 65,536 போர்ட்டுக்கு 18 மணி நேரத்துக்கு மேல். 'டாப் போர்ட்ஸ் 20' (அதிகம் பயன்படும் 20 போர்ட் மட்டும்) போதும்.

புளியரை: வெளியே இருக்கும் ஐபியில் பழகலாமா?

பதில்: உரிமையாளர் அனுமதி இல்லாமல் கூடாது. பழக என்மேப்காரர்களே ஸ்கேன்மீ.என்மேப்.ஆர்க் என்ற முகவரியைத் திறந்து வைத்திருக்கிறார்கள், அளவோடு தட்டுங்கள்.